சகலைக்காக ஒரு செஃபலால்ஜியா

இந்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று புரூஃப் ரீடர் திடமாக முடிவெடுத்தார். அதை மனைவியிடம் சொல்லும் திடம்தான் வரவில்லை.

போன தடவை சகலை தன்னுடைய மலைப் பயணத்துப் போட்டோக்கள் நானூற்றிப் பன்னிரண்டையும் உட்காரவைத்துக் காட்டியிருந்தார். அதில் முந்நூறில் மலையை மறைத்துக்கொண்டு அவரே நின்றார்.

அச்சகத்தில் அந்த வாரம் ஒரு மருத்துவ நூல். ஒரு வரியின் கடைசியில் நீளமான சொல்லொன்று இடம் போதாமல் முட்டிக்கொண்டு நின்றது: செஃபலால்ஜியா. எங்கே வெட்டி மிச்சத்தை அடுத்த வரிக்கு அனுப்புவது என்று அகராதியைப் புரட்டினார். கிரேக்க வழிச் சொல். பொருள், தலைவலி. ஆனால் காதால் கேட்டால், அது வந்தவன் தேறமாட்டான் என்று தோன்றியது. புரூஃப் ரீடரின் முகம் மலர்ந்தது.

அவர் மனைவி ஒரு டாக்டரிடம் ரிப்போர்ட் டைப் அடிப்பவள்தான். ஆனால் அடிப்பாளே தவிர படிக்கமாட்டாள் என்பது இவருடைய கணிப்பு.

ஞாயிறு காலை நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

“என்னங்க, இன்னும் கெளம்பலையா?”

“முடியாதும்மா. எனக்கு செஃப... லாலா... ஜியா.”

“யாரு லாலா?”

“ஆள் இல்ல, வியாதி. செஃ-பலால்-ஜியா.”

“அப்படிப் பிரிக்கக் கூடாதுங்க. செ-ஃப-லால்-ஜியா. லால்ல அழுத்தணும். டாக்டர் தினம் சொல்றதுதானே.”

இருபது வருஷமாக ஊரார் பிழையைத் திருத்தியவர் நெற்றித் துண்டை இறுக்கிக்கொண்டார். “உனக்கு... தெரியுமா?”

“சொல்லத் தெரியும். அர்த்தத்தை யாரு கண்டா? பெரிய வியாதியா?”

போன உயிர் திரும்பி வந்தது. “ரொம்பப் பெருசு. அசையக்கூடாது. பயணம் ஆகவே ஆகாது.”

அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். இவர் போர்வைக்குள் சிரித்துக்கொண்டார்.

கால்மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

“அக்கா பதறிட்டா. அத்தான் ஒரு வாரம் லீவு போட்டுட்டு இங்கயே வந்து உங்க பக்கத்துல உட்காரப்போறாராம். உங்களுக்குப் பொழுது போகணுமேன்னு போட்டோ எல்லாத்தையும் கொண்டுவர்றாராம். போன மாசம் கடலுக்கு வேற போயிருக்கார்.”

புரூஃப் ரீடர் துள்ளி எழுந்தார். துண்டு அவிழ்ந்து மூக்கில் விழுந்தது.

“ஏம்மா, அது வெறும் தலைவலிதான். உடனே போன் பண்ணிச் சொல்லிடு.”

“தெரியும்ங்க. செஃபல்னா தலை, அல்ஜியான்னா வலி. அக்காகிட்ட நான் பிரிச்சுச் சொல்லல.”