அனிமேஷன் ஏற்றிய விளக்கு

செஞ்சியில் அசையாமல் நிற்க எதற்கும் உரிமையில்லை என்று மனமார நம்பும் ஒரே மனிதர் அனிமேஷன். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் பிளக்ஸ் அச்சிடும் கடை வைத்திருக்கிறார். பெற்றோர் இட்ட பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. அவரும் நினைவூட்டியதில்லை.

பிழைப்புக்கு பிளக்ஸ், உயிருக்கு இணையதளம். கணினி உலகில் எந்த வித்தை புதிதாக முளைத்தாலும் எங்கள் ஊர்க்காரர்களின் தலையில்தான் சோதித்துப் பார்ப்பார். ஒரு திருமணத்துக்குக் கைப்பேசியில் திறக்கும் அழைப்பிதழ் செய்தார். கைப்பேசியைச் சாய்த்தால் எங்கள் கோட்டையின் ராஜகிரி மலை சாயும். மணமக்கள் உச்சியிலிருந்து சறுக்கி அகழியில் விழுவார்கள். பெண்ணின் தகப்பனாருக்கோ கைநடுக்கம். அவர் பார்த்த போதெல்லாம் மகளும் மருமகனும் தண்ணீரிலேயே கிடந்தார்கள்.

அரிசி மண்டிக்காரரின் இணையதளத்தைத் திறந்தால் நெல் கொட்டும். கொட்டிய நெல் தொலைபேசி எண்ணை மூடிவிடும்.

“இன்னாய்யா இது, ஃபோன் பண்றவன் நெல்லு வாரிட்டுத்தான் பண்ணணுமா?” என்று மண்டிக்காரர் கொதித்தார்.

“வாரட்டும் நைனா. வெரலால தள்ளுனா தள்ளும். அதான் டிசைனே.”

பட்டம் பெற்று, அரசுப் பணியில் அப்பழுக்கின்றி ஓய்வு பெற்றவன் நான். இத்தகைய கூத்துகளிலிருந்து விலகியே நடந்தேன். என் மனைவி இறந்த அன்று அது இயலவில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அச்சிட அன்று திறந்திருந்தது அவர் கடை மட்டுமே.

“கறுப்பு வெள்ளை. பேரு, ஊரு, தேதி. வேற ஒண்ணும் கூடாது” என்றேன்.

“அம்மா கண்ணை மட்டும் லேசா சிமிட்ட...”

“கூடாது.”

சொன்னபடியே செய்தார். ஆனால் மூலையில் ஒரு கியூஆர் கட்டம் இருந்தது. கைப்பேசியைக் காட்டினால் ஓர் இணையப் பக்கம் திறந்தது. அதில் என் மனைவியின் முகம், முன்னே ஓர் அகல் விளக்கு. சுடர் மட்டும் அசைந்தது.

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்கு ஏற்றும் விளக்கு கருமாதிச் சடங்கு முடியும்வரை அணையலாகாது. யாராவது அருகிலிருந்து திரியைத் தூண்ட வேண்டும். அனிமேஷன் அந்த வழக்கத்தை அப்படியே கணினிக்குள் இறக்கியிருந்தார். எங்கிருந்தேனும் ஒருவர் திரியை விரலால் மேலே தள்ளினால் எல்லோர் திரையிலும் சுடர் நிமிரும். சற்று நேரம் எவரும் தொடாவிட்டால் அணைந்துவிடும். இந்த விதியை எங்களிடம் சொல்ல மறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பினோம். மேல்மலையனூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கைப்பேசியும் கையுமாக அலறினாள்.

“அண்ணா, அண்ணி வெளக்கு அணஞ்சிடுச்சே! கருமாதிகூட ஆவலியே!”

துக்கத்துக்கு வந்த தெருவே திரும்பிப் பார்த்தது. அனிமேஷனை வரவழைத்தேன். விதியை விளக்கி, விளக்கை மீண்டும் ஏற்றினார்.

“இந்தப் பக்கத்தையே எடுத்துடுங்க” என்றேன்.

“எடுக்கறதா?” தங்கை குறுக்கே பாய்ந்தாள். “நம்ம கையாலயே ஊதி அணைக்கிற மாதிரி ஆவாதா?”

ஆக, எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. உறவினர் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். பனமலையிலிருந்து வந்த என் மைத்துனர் தம் முறையில் கைப்பேசியை மார்பில் வைத்துக் குறட்டை விட்டார். கரண்ட் போனால் சார்ஜருக்காகப் பங்காளிகள் பக்கத்து வீடுகளுக்கு ஓடினார்கள். “ஆபீசர் வீட்டு வெளக்குக்கு டவர் கெடைக்கலியாம்” என்று தெருவில் சிரித்தார்கள். கூடத்தில் எரிந்த மெய்யான விளக்கை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்கு நான்தான் எண்ணெய் ஊற்றினேன்.

கருமாதி முடிந்தது. கூட்டம் கலைந்தது. ஒரு கோப்பைக் காப்பிக்கு எவ்வளவு பால் வேண்டும் என்று கேட்கவும் வீட்டில் ஆளில்லை. ஒரு பிற்பகலில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இருள்தான் இருக்கும் என்று நினைத்தேன். சுடர் நிமிர்ந்து எரிந்தது. மாலையிலும் எரிந்தது, மறுநாளும். தங்கையைத் தொலைபேசியில் கேட்டேன்.

“நானா? காரியம் முடிஞ்சதுமே விட்டுட்டேண்ணா.”

கடைக்குப் போனேன். அனிமேஷன் ஒரு கணினியில் காதுகுத்து பிளக்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், திரை விரிசல்விட்ட பழைய கணினியில் என் மனைவி. வலக்கை வேலை செய்ய, இடக்கை அவ்வப்போது மவுஸை நகர்த்தித் திரியைத் தூண்டியது. மேசையில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம்.

“எல்லாம் முடிஞ்சுதே. இன்னும் ஏன்?”

“அந்த வெப் பக்கத்துக்கு யாரு வராங்கன்னு எனக்குத் தெரியும் சார். இப்பல்லாம் ஒரே ஒருத்தர்தான் வரார். அவர் வர்றப்ப இருட்டா இருந்தா நல்லாவா இருக்கும்?” தலையைச் சொறிந்தார். “தூங்குறப்ப அணஞ்சிடுது, பொய் சொல்லக் கூடாது. காலைல மொத வேலையா ஏத்திடறேன்.”

“தானா எரியற மாதிரி வெச்சிடலாமே?”

“வெக்கலாம் சார். அப்ப அது பல்பு.”

நான் எவரையும் எளிதில் ஒருமையில் அழைப்பவனல்லன். முக்காலியை இழுத்து அந்தப் பழைய கணினியின் முன் போட்டுக்கொண்டேன்.

“போய்ச் சாப்ட்டு வாப்பா,” என்றேன். “அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்.”