யானைக்குச் சாய்தளம் கணக்கிட்ட கால்குலேட்டர்

ஒரு காட்டில், எண்ணற்ற போராட்டங்கள் நடத்தி ஒன்றில்கூட ஜெயிக்காத முள்ளம்பன்றி ஒன்று வாழ்ந்து வந்தது. பெயர் மருதப்பன். எல்லோரும் 'தோழர்' என்று அழைத்தார்கள், முகத்துக்கு நேரே மட்டும்.

தோழரிடம் ஒரு பழைய சயின்டிஃபிக் கால்குலேட்டர் இருந்தது. கையில் எடுத்தால் கனக்கும். பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போய்த் திரும்பும். எண் விழுந்தது விரலுக்கே தெரியும். எண்கள் மேலே சாயத்தால் அடித்தவை அல்ல, பொத்தானிலேயே வார்த்தவை. எவ்வளவு தேய்ந்தாலும் ஐந்து ஐந்தாகவே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஆற்றங்கரை சரிந்து, வேதவல்லி என்ற யானை தண்ணீருக்கு இறங்கும் வழி போய்விட்டது. கரையின் உயரம் பன்னிரண்டடி. அவளோ முழங்கால் வலிக்காரி. பாதை பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கால் நிற்காது. அப்படியானால் சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்? காட்டுச் சபை கூடியது.

சபைத் தலைவர் நரி குபேந்திரன் அப்போதுதான் வீட்டுக்கொரு புதுக் கால்குலேட்டர் இலவசமாகக் கொடுத்திருந்தார். இலை மாதிரி லேசு. முகப்பில் சூரியத் தகடு இருந்தது. உண்மையில் அது தகடு அல்ல, தகட்டின் படம்.

தோழர் டக் டக்கென்று அழுத்தினார். "அறுபத்தொன்பது அடி."

குரங்கின் கருவியில் பூஜ்யத்தை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு பூஜ்யம் விழுந்தது. பத்து டிகிரி நூறாகி, பன்னிரண்டடி வந்தது. கரடிக்குப் பத்து பதினொன்றாகி, அறுபத்துமூன்று வந்தது. முயலுக்கு இரண்டு என்ற எண் விழவே இல்லை. பன்னிரண்டடிக் கரை ஓரடியாகி, ஆறடி வந்தது.

"அட முயலே, பன்னிரண்டடி உயரத்துலேர்ந்து ஆறடிச் சாய்தளம் எப்படிய்யா தரையைத் தொடும்?" என்றார் தோழர்.

"மிச்சத்தை யானை குதிச்சுக்கட்டும்," என்றது முயல்.

நரி கையமர்த்தினார். "தோழரே, உங்க கருவி ஒரே விடையை எல்லார் தலையிலும் கட்டுது. இது சர்வாதிகாரம். எங்க கருவிகள் ஆளுக்கொரு விடை தருது. இதுதான் ஜனநாயகம்! புதுசு மூணுக்கும் சராசரி எடுங்க."

சராசரி இருபத்தேழடி. பலத்த கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது.

தோழர் துண்டுப்பிரசுரம் அடித்து விநியோகித்தார்: 'பளபளப்பைக் கண்டு பலியாகாதீர்!' மான்கள் அதை மிகவும் விரும்பின. ஒன்றுவிடாமல் தின்று முடித்தன.

சாய்தளம் திறக்கப்பட்டது. ரிப்பனை வெட்டிவிட்டு வேதவல்லி ஒரு கால் வைத்தாள். இரண்டாவது காலை வைக்கச் சாய்தளம் அவகாசம் தரவில்லை. "ஐயோ அம்மா!" என்ற அலறலோடு ஆற்றில் விழுந்தாள். தண்ணீர் எழும்பி மேடை நனைந்தது. இறங்க மிக விரைவான பாதை என்று நரி பாராட்டினார்.

ஆனால் அவளால் மேலே ஏற முடியவில்லை. மேல்மலையில் மழை பிடித்தது. தண்ணீர் அவள் வயிற்றைத் தொட்டது.

சபை மறுபடி கூடி, மறுபடி சராசரிக்குத் தயாரானது. தோழர் கீழே பார்த்தார். வேதவல்லி தும்பிக்கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். ஆயுள் முழுக்க எவனுக்கும் தலைவணங்காத தோழர், முயலிடமிருந்து புதுக் கால்குலேட்டரைப் பிடுங்கினார். திரை செத்துப்போயிருந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து முழங்கினார்:

"தலைவர் தந்த புதுக் கருவி சொல்கிறது! அறுபத்தொன்பது அடி!"

"ஆகா!" என்றது குரங்கு. "பழசுல இப்படி வருமா?"

யாரும் சராசரி கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து மண்ணைக் கொட்டினார்கள். வெள்ளம் வருவதற்குள் வேதவல்லி நிதானமாக நடந்து மேலே வந்தாள். நரிக்கு மாலை போட்டார்கள். வீட்டுக்கு இன்னும் இரண்டு கால்குலேட்டர் என்று அவர் அறிவித்தார்.

கூட்டம் கலைந்ததும் வேதவல்லி கேட்டாள்: "நிஜமாச் சொல்லுங்க தோழரே, எதுல போட்டீங்க கணக்கு?"

"என் பழசுலதான்மா."

"அதை வெளிப்படையாவே சொல்லியிருக்கலாமே?"

"போன தடவை வெளிப்படையாத்தான் சொன்னேன். நீ ஆத்துல விழுந்தே."

நீதி: சரியான விடை உன்னிடம் இருந்தால், முதலில் ஒரு மட்டமான கால்குலேட்டர் வாங்கிக்கொள்.