டோக்கன் அண்ணனின் இரண்டு பலகைகள்

கோலார் தங்கவயலில் யார் தொலைந்துபோனாலும் டோக்கன் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். தொலையாதவர்களையும் கண்டுபிடிப்பார், அதுதான் தொல்லை.

அவருக்குச் சுரங்கத்தில் லாம்ப் ரூம் வேலை. இறங்குகிறவன் பித்தளை டோக்கனைக் கொடுத்து விளக்கை வாங்குவான். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்குவான். பலகையில் ஒரு டோக்கன் மிச்சமிருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இருபது வருஷம் இதையே பார்த்தவருக்கு உலகமே ஷிஃப்ட் முடிந்து ஏறி வரும் கூட்டமாகத் தெரிந்தது. ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்தும் மண்டபத்தைப் பூட்ட விடாமல் வாசலை மறித்து நின்றார். "உள்ள போனது நானூத்திப் பன்னெண்டு, வெளிய வந்தது நானூத்திப் பதினொண்ணு. இன்னொரு ஆளு எங்க?" எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். தேடினால், மாப்பிள்ளையின் தாய்மாமன் பாத்திர அறையில் அரிசி மூட்டைமேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மனிதரிடம்தான் நாங்கள் மாட்டினோம். தொண்ணூறுகளின் கடைசி. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நாங்கள் நாலு பேர், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கிடைத்த ஒரு கம்ப்யூட்டர் இயங்குதளத்துக்குத் தமிழில் மெனு போட்டு, 'பாதாளம்' என்று பேர் வைத்தோம். தங்கவயலின் ஊரிகம் பகுதியில் ஒரு அறை, மூன்று பழைய கம்ப்யூட்டர்கள். எங்களையும் சேர்த்து அதில் புழங்கியவர்கள் முப்பத்தோரு பேர். பேத்தமங்களாவிலிருந்து பஸ் பிடித்து வரும் டியூஷன் டீச்சர் ராஜேஸ்வரி, பத்தாம் வகுப்புப் பாடக்குறிப்பு அத்தனையையும் அதில்தான் வைத்திருந்தார். ஷிஃப்ட் முடிந்ததும் அண்ணன் வந்து கதவருகே உட்காருவார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆளுக்கொரு தகர டோக்கன் அடித்து, பலகையில் மாட்டியும் விட்டார்.

அப்போதுதான் வெளியூரிலிருந்து ஒரு குழு கடிதம் போட்டது. அந்தப் பேரை அவர்கள் தங்கள் மென்பொருளுக்கு எங்களுக்கு முன்பே வைத்துவிட்டார்களாம். நியாயம்தான். 'உதயம்' என்று மாற்றினோம். நான் மகா கெட்டிக்காரன் அல்லவா, கதவில் நோட்டீஸ் ஒட்டினேன்: 'பாதாளம் இனி இல்லை. இன்று முதல் உதயம்.'

மறுநாள் அறை காலி. எங்கள் ஊரில் ஒரு ஷாஃப்டை, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியை, இனி இல்லை என்றால் பம்பை நிறுத்திவிட்டார்கள், தண்ணீர் ஏறிவிட்டது, உள்ளே விட்டது விட்டதுதான் என்று அர்த்தம். ஒரு அம்மா வாசலிலேயே நின்று கேட்டார்: "எம் பொண்ணு கல்யாண லிஸ்ட்டு உள்ள இருந்துச்சே சார், எல்லாம் பூட்ச்சா?"

அண்ணன் நோட்டீஸைக் கிழித்தார். "இன்னா சார், சாவு சேதி மாதிரி எழுதிக்கீறீங்க?"

"பேரு மட்டும்தாண்ணே மாறிச்சு."

"அது உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு?"

அப்புறம் அந்த அறையில் அவர் ராஜ்யம். இரண்டாவது பலகை வந்தது, மேலே 'உதயம்' என்று பெரிதாகவும், 'நேத்து வரைக்கும் பாதாளம்' என்று பக்கத்திலேயே சின்னதாகவும் எழுதி. கம்ப்யூட்டர் திரையிலும் அதே வாசகம் வேண்டுமாம். கூடவே, 'உங்க ஃபைல் எல்லாம் வச்ச எடத்துலயே கீது.' கொச்சையாக இருக்கிறதே என்று நான் குதித்தேன். "நீங்க குதிங்க, அவங்களுக்குப் புரியட்டும்" என்றார். வந்தவர் தன் ஃபைலைத் தானே திறந்து, தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் அவர் டோக்கன் புதுப் பலகைக்குப் போகும்.

ஒரு மாதத்தில் முப்பது டோக்கன்கள் மாறிவிட்டன. பதினேழாம் நம்பர் மட்டும் பழைய பலகையிலேயே தொங்கியது. ராஜேஸ்வரி டீச்சர். பரீட்சைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

"ஒரு ஆளுதானே, விடுங்கண்ணே. பழைய பேரை எடுத்துடலாம்" என்றேன்.

முதல் தடவையாக அவர் சத்தம் போடவில்லை. "லாம்ப் ரூம்ல யாரும் ஒரு ஆளுதானேன்னு சொல்றதில்ல சார்" என்றார்.

வெட்கமாகிவிட்டது. அவர் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பேத்தமங்களா போனேன். டீச்சர் விரலில் துணி சுற்றிக்கொண்டு, இரண்டு வருஷக் குறிப்பையும் ஞாபகத்திலிருந்து கையால் எழுதிக்கொண்டிருந்தார். பாதிகூட ஆகவில்லை. "அத மூடிட்டாங்கன்னு சொன்னாங்களே! நோட்டீஸே போட்டாச்சுன்னாங்க."

கையோடு அழைத்து வந்தோம். திரையில் இருந்ததைப் படித்தார், ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு பாடமாகப் பார்த்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த நோட்டீஸ எழுதுன புண்ணியவான் யாரு?"

அண்ணன் ஒரு நொடிகூடத் தயங்காமல் என்னைக் காட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதினேழாம் நம்பரை டீச்சரே புதுப் பலகையில் மாட்டினார். அதன் பிறகுதான் பழைய பேரை எடுக்க அண்ணன் அனுமதி கொடுத்தார்.

பழைய பலகையை மட்டும் எடுக்க விடவில்லை. ஊரை விட்டுப் போகிறவர்களின் டோக்கனை அதில் மாட்டிவைப்பார். சுகமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று கடிதம் வந்தால் புதுப் பலகைக்கு மாற்றுவார். இரண்டாயிரத்து ஒன்றில் நான் பெங்களூருக்கு வேலை மாறினேன். கடிதம் எழுதவில்லை, அவ்வளவு கெட்டிக்காரன்.

பல வருஷம் கழித்துப் போனபோது, இரண்டு பலகைகளும் அவர் வீட்டுச் சுவரில் இருந்தன. பழையதில் ஒரே ஒரு டோக்கன். நாலாம் நம்பர், என்னுடையது.

"வந்துட்டீங்களா சார்?" என்று அதை எடுக்கக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும்ண்ணே" என்றேன். என்னைத் தேட ஒரு ஆள் இருக்கட்டுமே.