டிசம்பரில் வியர்த்த மனிதர்

“1985 டிசம்பர், சனி. கடும் உறைபனி. வெய்யில் அண்ணை அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாகத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனார்.” என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. டிசம்பர் மாதத்துப் பாரிசில் வியர்த்துக்கொண்டு நடந்த ஒரே மனிதர் அவர்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் நான் சாட்சி சொல்வேன்.

யாழ்ப்பாணத்துக்காரர். பாரிசின் லா ஷப்பல் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஆகஸ்டில் பாரிசே கடற்கரைக்குக் கிளம்பும்போது, கழுத்தில் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வருவார். டிசம்பர் பிறந்தால் “வக்கான்ஸ்” என்று விடுப்புச் சொல்லிவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் கைலியுமாக மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். தர்பூசணியை “வத்தகப்பழம்” என்று கேட்டுக் கடைகடையாக ஏறுவார். கடைக்காரர்கள் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

நான் புதுச்சேரிக்காரன். எதையும் விசாரித்து எழுதிவைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

“என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“சுகமாத்தான் இருக்கிறன், முசியே. மகள் ஆஸ்திரேலியாவில, மெல்பேணில தாயோட. அங்கை இப்பதான் கோடை, பள்ளிக்கூட லீவு. ‘அப்பா, அங்கையும் வெய்யிலோ’ எண்டு போனில கேட்டவள். இல்லையெண்டு சொன்னா நான் எவ்வளவு தூரத்தில கிடக்கிறன் எண்டு பிள்ளைக்கு விளங்கிப்போடும். ஓம் எண்டிட்டன்.”

“அதுக்கு இந்தக் கோலமா?”

“பிள்ளைக்குப் பொய் சொல்லலாமே? செருப்போட நிக்கிறன் எண்டு சொன்னா, செருப்போடதான் நிக்கவேணும்.”

1988 டிசம்பரில், பள்ளி விடுமுறைக்குத் தாயும் மகளும் வர வீசா கிடைத்தது. நாலு வயதில் பிரிந்த பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. வெய்யில் அண்ணைக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குளிர் எடுத்தது.

“இறங்கின உடனை அப்பன் பொய்யன் எண்டு கண்டுபிடிச்சிடுவாள், முசியே. நீங்கள் திகதியெல்லாம் எழுதிறனீங்கள். பனி எப்ப கொட்டும்?”

“நான் நடந்ததைத்தான் எழுதுவேன் அண்ணே, நடக்கப்போறதை இல்ல.”

“ஒருக்கா வெய்யில் எண்டு எழுதித்தான் பாருங்கோவன்!”

அவர்கள் வந்த மத்தியானம் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்தத் தெருவில் இருந்த ஹீட்டரெல்லாம் அண்ணையின் அறைக்கு வந்துவிட்டன. அண்ணையின் கூட்டாளிகள் நாங்கள் ஆறு பேர் அரைக்கைச் சட்டையும் ஐஸ்கிரீம் கிண்ணமுமாக வரிசையில் நின்றோம். தாயின் சால்வையை உதறிவிட்டு, பூப்போட்ட பருத்திச் சட்டையோடு சிறுமி உள்ளே வந்தாள். அண்ணை கடைசி ஹீட்டரின் சுவிட்சைத் தட்டினார். கட்டடம் முழுக்கக் கரண்ட் போனது.

கொஞ்ச நேரத்தில் ஐஸ்கிரீம் மட்டும்தான் சௌகரியமாக இருந்தது. எங்கள் பற்கள் தந்தியடித்தன. அண்ணையின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

“என்ன வெக்கையப்பா!”

சிறுமி ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து, தன் அளவுக்குத் தைத்த தடித்த கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து அவர்மேல் போட்டாள். அது அவருடைய ஒரு தோளைத்தான் மூடியது.

“ஓம் அப்பா,” என்றாள். “சரியான வெக்கை.”

அந்தக் கோட்டைப் பெட்டியில் வைத்தது தாயா, மகளா? இருவரையும் தனித்தனியாக விசாரித்தேன். இருவரும் சிரித்தார்கள். இன்றுவரை உறுதியாகவில்லை. அன்றைய வானிலை மட்டும் என் நாட்குறிப்பில் தெளிவாக இருக்கிறது: வெய்யில்.