சுங்கை பூலோ மானும் இரண்டு தோட்டாக் கட்சியும்

மானைச் சாது என்று எழுதிவைத்த புண்ணியவான்களில் ஒருவர்கூட ரப்பர்க் கன்று நட்டிருக்க மாட்டார். கன்னையா நட்டிருந்தார். ரயில்வேயில் தண்டவாளம் போடும் கூட்டத்துக்கு இருபத்திரண்டு வருஷம் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்து, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் கொட்டி, சுங்கை பூலோவில் காட்டோரமாக மூன்று ஏக்கர் வாங்கி, முந்நூறு கன்று நட்டிருந்தார். பிள்ளை குட்டி இல்லை. வயதான காலத்தில் அந்த முந்நூறும் பால் கொடுத்துத் தன்னையும் மனைவி புஷ்பவல்லியையும் காப்பாற்றும் என்று நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கை கடமானுக்கு எப்படித் தெரியும்? அது தினமும் வெயில் தாழ்ந்ததும் வேலியைத் தாண்டி வரும். ஒரு கன்றின் குருத்தைக் கடிக்கும், அடுத்த கன்றின் பட்டையைக் கொம்பால் உரிக்கும், பிறகு சாவகாசமாக நின்று அசைபோடும். புஷ்பவல்லி மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டினால், யாரோ தெரிந்தவர் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்க்கும்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரை தம் பழைய ரைபிளைக் கன்னையாவுக்கு விட்டுப்போயிருந்தார். அதற்கு லைசன்சும் எட்டே மாதத்தில் கிடைத்துவிட்டது. சர்க்கார் இத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்தது என்று அவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இனி தோட்டா ஒன்றுதான் பாக்கி.

கோலாலம்பூரில் பழைய மார்க்கெட் பக்கம் முத்து முகம்மதுவின் இரும்புச் சாமான் கடையில் தோட்டாவும் விற்பார்கள். கன்னையா நீட்டிய தோட்டா பர்மிட்டைப் பாய் வாங்கிப் படித்தார், ரைபிளின் குழலை உற்றுப் பார்த்தார், உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். எடுத்துவந்த பெட்டியைக் கொடுக்காமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

“அண்ணே, துப்பாக்கியில இருநூத்தி எழுபத்தஞ்சுன்னு அடிச்சிருக்கு. பர்மிட்டுலயும் அதான் எழுதியிருக்கு. எங்கிட்ட இருக்கிறது ஏழு மில்லிமீட்டர்.”

“அது வேற தோட்டாவா பாய்?”

“ஒரே தோட்டாதாண்ணே. வெள்ளைக்காரன் அங்குலத்துல அளந்தான், ஆயிரத்துல இருநூத்தி எழுபத்தஞ்சு பங்குன்னான். ஜெர்மன்காரன் மில்லிமீட்டர்ல அளந்தான், ஏழுன்னான். சண்டை முடிஞ்சு எட்டு வருஷமாச்சு. அளவுகோல் ரெண்டும் இன்னும் ராசியாகல.”

“அப்ப குடுங்க.”

“குடுத்தா மான் சாகும், நான் ஜெயிலுக்குப் போவேன். பர்மிட்டுல ‘அல்லது ஏழு’ன்னு ரெண்டு வார்த்தை எழுதி வாங்கிட்டு வந்திடுங்க லா.”

ரெண்டு வார்த்தைதானே என்று கன்னையா கிளம்பினார். பாவம், தண்டவாளத்தோடு பழகியவர், அலுவலகத்தோடு பழகாதவர்.

துப்பாக்கி, தோட்டா சம்பந்தப்பட்ட சகல காரியங்களையும் பரிபாலித்துவந்த அலுவலகத்தில் கார்த்திகேசு தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலை. யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் காகிதத்தையும் மூன்று முறை படிக்காமல் கீழே வைக்க மாட்டார், படித்த பிறகும் கையெழுத்துப் போட மாட்டார்.

“ரெண்டும் ஒண்டெண்டால் ரெண்டு பேர் ஏன்?” என்று கேட்டார்.

“ஐயா, ரயில்வேல என்னை மண்டோர்னாங்க. வீட்டுல அவ மாமாங்கிறா. அதுக்காக நான் ரெண்டு ஆளா?”

கார்த்திகேசு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்படியெண்டால் லைசன்ஸ் மண்டோருக்குக் குடுத்ததோ, மாமாவுக்குக் குடுத்ததோ எண்டதையும் பாக்க வேணும். அது பிறகு. முதல்ல தோட்டா. எழுதிக் கேப்பம்.”

“யாரைங்க கேப்பீங்க?”

“ஆரைக் கேக்கிறது எண்டதைத்தான் முதல்ல எழுதிக் கேப்பம்.”

கன்னையா பர்மிட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கன்றுகளை எண்ணினார். இருநூற்று நாற்பது இருந்தன.

மூன்று மாதம் கழித்து மேலிடத்துத் துரை ஒரு முடிவுக்கு வந்தார். ‘மேற்படி இரு தோட்டாக்களுள் மான் வேட்டைக்கு மிகவும் உகந்தது யாது என்பது பற்றி, இவ்விஷயத்தில் அக்கறையுள்ள பொது ஸ்தாபனங்களின் மேலான அபிப்பிராயம் கோரப்படுகிறது.’ ஒன்றா இரண்டா என்று கேட்டு மேலே போன கேள்வி, எது உசத்தி என்று கேட்டுக்கொண்டு கீழே வந்தது.

அந்தக் கடிதத்தின் ஒரு பிரதி பிரிக்பீல்ட்ஸ் நற்சிந்தனை வாலிபர் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கத்தினர்கள் எல்லாரும் ரயில்வே கிராணிகள். வாலிபர்களின் சராசரி வயது நாற்பத்தெட்டு. ஒருவரும் துப்பாக்கியைத் தொட்டவர் இல்லை, மானை வள்ளியம்மன் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் சர்க்கார் தங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டதே! அன்றைக்கே கூட்டம் போட்டார்கள்.

“தோட்டா என்றால் அது இருநூற்று எழுபத்தைந்துதான்,” என்று ஆரம்பித்தார் தலைவர் பழனியப்பன். “நேராகப் போகும். நெஞ்சில் நுழையும். விழுந்த பிறகுதான் மானுக்கே விஷயம் தெரியும்.”

“அதெல்லாம் பழைய காலம்,” என்றார் காரியதரிசி வாசு. “ஏழு மில்லிமீட்டர் கனமாகப் போகும். எலும்பை உடைக்கும். நாகரிக நாடுகளில் இப்போது எல்லாம் மில்லிமீட்டர்தான்.”

“இருநூற்று எழுபத்தைந்து பெரிதா, ஏழு பெரிதா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.”

“தலைவர் தம் வார்த்தையை வாபஸ் வாங்க வேண்டும்.”

தலைவர் வாங்கவில்லை. சங்கம் இரண்டாயிற்று. ஒரே மாடியில் இரண்டு பெயர்ப்பலகை, இரண்டு ஹார்மோனியம், இரண்டு ஆண்டுவிழாத் தேநீர் விருந்து. எழுபத்தைந்துக்காரர்கள் நடு வகிடு எடுத்துத் தொப்பி போட்டுத் திரிந்தார்கள். ஏழுக்காரர்கள் பக்க வகிடு எடுத்து, மீசையை மில்லிமீட்டர் கணக்கில் கத்தரித்துக்கொண்டார்கள். நாவிதர் கத்தியைத் தொடுமுன் “எந்தக் கட்சிங்க?” என்று கேட்டுக்கொள்வார். கிள்ளானில் நிச்சயம் செய்த ஒரு கல்யாணம், மாப்பிள்ளை ஏழு என்று தெரிந்ததும் நின்றுபோனது.

நேரடி அனுபவஸ்தர் என்று கன்னையாவை இரண்டு கட்சியும் தனித்தனியே கூப்பிட்டு மாலை போட்டன. இரண்டு மேடையிலும் அவர் சொன்னது ஒன்றுதான். “எந்தத் தோட்டாவா இருந்தாலும் சரிங்க, சீக்கிரம் குடுக்கச் சொல்லுங்க. கன்னு நூத்தி இருபதுதான் மிச்சம்.” கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அனுபவஸ்தர் எங்கள் பக்கமே என்று மறுநாள் இரண்டு கட்சியும் நோட்டீஸ் போட்டன. இருபத்திரண்டு வருஷம் வெயிலில் நின்றபோது அவருக்கு யாரும் கை தட்டியதில்லை. பொய் சொல்வானேன், அவருக்கு அது பிடித்திருந்தது.

புஷ்பவல்லிக்குப் பிடிக்கவில்லை. “அந்த மாலையைக் கொண்டுபோய் மானுக்குப் போடுங்க. பூவைத் தின்னுட்டுக் கன்னை விட்டாலும் விடும்,” என்றாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், மான் வேலி தாண்டுகிற இடத்தில் குழி வெட்டினாள். நாலு நாள் தனியாக வெட்டினாள். மேலே குச்சி வைத்து லாலாங் புல்லைப் பரப்பினாள். ஐந்தாம் நாள் வெயில் தாழ்ந்ததும் மான் வந்தது, தாண்டியது, உள்ளே விழுந்து கழுத்து முறிந்து கிடந்தது.

அதற்கு மறுநாள் இரண்டு தோட்டாவையும் மான்மேல் சுட்டுப் பார்க்கும் நேரடிப் பரிசோதனை என்று அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. சொன்னபடி கார்த்திகேசு தலைமையில் இரண்டு கட்சியும் ரயிலில் வந்திறங்கின. கட்சிக்கு ஐந்து தோட்டா, அரக்கு முத்திரை வைத்த பெட்டியில். வந்தவர்கள் மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த மானைப் பார்த்தார்கள்.

பழனியப்பன் அதைச் சுற்றி வந்தார். “துளையே தெரியவில்லை, கவனித்தீர்களா? இருநூற்று எழுபத்தைந்து அவ்வளவு சுத்தமாகப் போகும்.”

“கழுத்தெலும்பு உடைந்திருக்கிறது,” என்றார் வாசு. “ஏழைத் தவிர வேறு எதற்கு இந்த பலம் உண்டு?”

“குழியில விழுந்து செத்துச்சுங்க,” என்றாள் புஷ்பவல்லி.

இரண்டு கட்சியும் அவள் பக்கம் திரும்பவில்லை. கார்த்திகேசு மட்டும் பேனாவைத் திறந்தார். “குழி எத்தனை மில்லிமீட்டர்?”

“அளக்கலீங்க ஐயா. மான் அளவுக்கு வெட்டினேன்.”

“அளவில்லாத ஆயுதம். மில்லிமீட்டரில அளக்கிறதோ, அங்குலத்தில அளக்கிறதோ எண்டு எழுதிக் கேப்பம். பதில் வருமட்டும் குழியை மூடிவைக்க வேணும்.”

அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து மான்கறியும் சோறும் சாப்பிட்டார்கள். கறி விஷயத்தில் எந்தக் கருத்து வேற்றுமையும் எழவில்லை.

மறுவாரம் உத்தரவு வந்தது: ‘சம்பந்தப்பட்ட மான் காலமாகிவிட்டபடியால், தோட்டா கோரும் மனு முடிவுற்றதாகக் கருதப்படுகிறது.’ உத்தரவு வந்த அன்று மாலையே வேறொரு மான் வந்தது. காட்டில் ஒரே ஒரு மான்தான் உண்டு என்று அதனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதற்குள் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு கட்சியிலும் பதவி கிடைக்காதவர்கள் ஒன்றுகூடி, தோட்டாவே காட்டுமிராண்டித்தனம், குழியே நாகரிகம் என்று மூன்றாவதாகக் குழிக் கட்சி ஆரம்பித்தார்கள். குழி வெட்டியது புஷ்பவல்லிதான். ஆனால் பெண்பிள்ளையை மேடையேற்றினால் நன்றாயிராது என்று, கன்னையாவை ஏகமனதாகத் தலைவராக்கினார்கள். அவர் கோட்டுத் தைத்துக்கொண்டார். தலைவரானவர் சர்க்கார் உத்தரவை மீறலாமா? ஊருக்கு வந்ததும் தம் கையாலேயே குழியை மூடினார்.

“குழிக் கட்சித் தலைவரு குழியை மூடுறீங்களே, மாமா?”

“கொள்கை வேற புள்ள, குழி வேற,” என்றார் கன்னையா.

நிர்வாகிகள் படம் பிடித்துக்கொண்டார்கள். நடு நாற்காலியில் கன்னையா, கழுத்து மறையும்படி மாலை. கண்ணாடி போட்ட அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சுவரில் ஆணி அடிக்கச் சுத்தியல் தேடினார். அகப்படவில்லை. மூலையில் கிடந்த ரைபிளை எடுத்து, கட்டைப் பக்கத்தால் இரண்டு போடு போட்டார். அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு வந்து செய்த முதல் வேலை அதுதான்.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. புஷ்பவல்லி வாசலில் தகரத்தோடு நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் மான் நின்றது.

“மாமா, வந்திருச்சு. பதினோரு கன்னுதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா நாம கஞ்சிக்கு எங்க போறது? சொல்லுங்க, இப்ப என்ன பண்றது?”

கன்னையா படம் கோணலாக இல்லையே என்று ஒருமுறை தள்ளி நின்று பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“எழுதிக் கேப்பம்,” என்றார்.