திட்டு டாக்டரும் என் ரோஸ் நோட்டீஸும்

பாராட்டைக் கேட்டால் காலராவைக் கண்டதுபோல் அலறும் மனிதர் சென்னை மாகாணத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ராயபுரத்துத் திட்டு டாக்டர். கும்பிட்டால் திட்டுவார். 'நீங்கதான் தெய்வம்' என்றால் மருந்து பாட்டிலையே திரும்பப் பிடுங்கிக்கொள்வார். திட்டு வாங்காமல் வெளியே வந்தவர்கள், நோய் முற்றிவிட்டதோ என்று பயந்து மறுபடி வரிசையில் நிற்பார்கள்.

துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டும் என் தோஸ்து மாணிக்கத்துக்கு டைபாய்டு வந்தது. டாக்டர் தினமும் வீட்டுக்கே போய் அவனைத் திட்டினார். மூன்றாம் வாரம் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

நான் அப்போது பி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல், கையில் அகப்பட்ட காகிதத்திலெல்லாம் எழுதித் தள்ளிய காலம். விடுவேனா? 'ராயபுரம் கண்டெடுத்த தன்வந்திரி! எமனை விரட்டிய ஏந்தல்!' என்று டாக்டர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து, யானைக்கவுனி முதல் திருவொற்றியூர் வரை ஒட்டினேன். இரண்டு ஆச்சரியக்குறி போதுமா என்பது மட்டுமே என் கவலை.

மறுநாள் காலை டாக்டர் என் வீட்டு வாசலில் நின்றார், கையில் அரிவாள்மணையோடு.

"டேய் பி.ஏ.! டாக்டர் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கு, தெரியுமா? ரிஜிஸ்டர்ல என் பேரை அடிச்சிட்டான்னா, நானும் உன்னோட சேர்ந்து நோட்டீஸ்தான் ஒட்டணும். நட!"

நாள் முழுக்கச் சுவர் சுரண்டினோம். ஒன்றே ஒன்று தப்பிவிட்டது. அதை யாரோ ஒரு புண்ணியவான் பதமாக உரித்து மருத்துவக் கவுன்சிலுக்கே அனுப்பிவிட்டார். 'உமது பெயரைப் பதிவேட்டிலிருந்து ஏன் நீக்கக் கூடாது?' என்று கடிதம் வந்தது. விசாரணைக்கு நானும் மாணிக்கமும் சாட்சி.

நீண்ட மேஜைக்குப் பின்னால் ஐந்து பெரிய டாக்டர்கள். 'எழுதியது நான், அவருக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே? "இந்தக் கருணைக் கடலை..." என்று ஆரம்பித்துவிட்டேன். தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாணிக்கம் குறுக்கே பாய்ந்தான்.

"அய்ய, இவுரா கருணை? மூணு வாரம் கஞ்சித்தண்ணி ஊத்தியே உசுரை எடுத்தாரு சார். ஒரு நாளு எம் பொஞ்சாதி பாவம் பாத்து வஞ்சிர மீன் கொயம்பு வெச்சா. நான் கைய வைக்கசொல்லோ உள்ள வந்தாரு. சட்டியப் புடுங்கி, எம் முன்னாலயே குந்திகினு அம்மாத்தையும் துன்ட்டாரு சார்! அத்தோட உப்பு பத்தலன்னு அவளயும் திட்டிட்டுப் போனாரு. நோட்டீஸ் ஒட்டுன பாவத்துக்கு இந்தப் பி.ஏ.வ நாள் பூரா செவுரு சொரண்ட வுட்டாரு. பேஜாரு புடிச்ச மன்சன் சார்! இவுருக்கு விளம்பரம் வேற கேடா?"

நான்கு பேர் கைக்குட்டையைத் தேடினார்கள். தலைவர் மட்டும் சிரிக்காமல், "உண்மையிலேயே சாப்பிட்டீரா?" என்றார்.

"டைபாய்டுல புண்ணான குடலோட அவன் அதைச் சாப்பிட்டிருந்தா செத்திருப்பான். கீழ கொட்டியிருந்தா அந்தப் பொண்ணு அழுதிருக்கும்" என்றார் டாக்டர்.

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். "கருணைக் கடலாம், கடல்!" என்று டிராம் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்தவரும் அவர்தான்.

இதில் எங்கும் அவர் பெயரை நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். இன்னும் ராயபுரத்தில் நாடி பார்த்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருக்கிறார். அந்தப் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.