எங்க தெரு அண்டர்கிரவுண்டு

கோலாரம்மா மேல சத்தியமா சொல்றேன், இதுல ஒரு எழுத்துகூட பொய் கிடையாது. பொய்னு யாராவது நிரூபிச்சா, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் நடுவுல உக்காந்து மீசையை எடுத்துக்கறேன். உங்களுக்கு ஏது மீசைன்னு கேக்காதீங்க. வளர்த்துட்டு வந்து எடுக்கறேன்.

விஷயம் சின்னது. எங்க வீட்டு வாசல்ல சாக்கடை அடைச்சுக்கிச்சு. நகரசபையில போய்ச் சொல்லிட்டு வரணும். அவ்வளவுதான்.

வர்ற ஞாயித்துக்கிழமை பேத்தியைப் பொண்ணு பாக்க பங்காருபேட்டையிலேர்ந்து ஆளுங்க வராங்க. ஒரு கையால மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பஜ்ஜி சாப்பிடுங்கன்னு சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்ட சொல்ல முடியுமா?

"சாக்கடைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டாவது வார்த்தை பேசாதீங்க"ன்னு சொல்லித்தான் என் சம்சாரம் ராஜாத்தி அனுப்பினா. என்னை முழுசா தெரிஞ்சவ.

நகரசபையில ஒரு நாற்காலியிலயும் ஆள் இல்ல. எல்லாரும் மேல மீட்டிங்காம். சுத்துவட்டார ஊருக்கெல்லாம் சேர்த்து இருபது வருஷத்துக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் போட்டிருக்காங்களாம். அதுக்கு நம்ம சபை அன்னிக்கே பதில் எழுதி அனுப்பணுமாம்.

நானும் மாடி ஏறினேன்.

செவுரு பூரா மேப்பு. எங்க தெரு வழியா நீலத்துல ஒரு கோடு. புதுசா வரப்போற சாக்கடைக் குழாய் அது. எங்க வார்டு மெம்பர் கஸ்தூரி சண்டை போட்டு இழுத்துட்டு வந்த கோடு. என்னைப் பாத்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல்லு.

"வாங்க மாமா, சாக்கடைதானே? சரியான நேரத்துக்கு வந்தீங்க. நாம படற கஷ்டத்தை நீங்களே சார்கிட்ட சொல்லுங்க."

சார், பெங்களூருலேர்ந்து வந்த ஆபீசர். கன்னடம் பாதி, தமிழ் பாதி. மரியாதையானவர்.

"யஜமானரே, உங்க தெருவுல அண்டர்கிரவுண்டு இருக்கா?"

அவங்க பாஷையில அண்டர்கிரவுண்டுன்னா பூமிக்கடியில போற சாக்கடையாம். எனக்கு இன்னா தெரியும்? எங்க ஊர்ல அண்டர்கிரவுண்டுன்னா ஒண்ணே ஒண்ணுதான். தங்கச் சுரங்கம். வேலைக்குப் போற ஆளை, மேல தரையில வேலை பாக்கற சர்பேசா, கீழ இறங்கற அண்டர்கிரவுண்டான்னு கேட்டுத்தான் பொண்ணே குடுப்பாங்க.

"இருக்காவா? எங்க தெரு முனையிலதான் சார் அதோட வாயே இருக்கு. ஒலகத்துலயே ஆழமானதுல அது ஒண்ணு"ன்னேன்.

"ஹௌதா, அப்படியா? இப்ப வேலை செய்யுதா?"

"எங்க சார். மூடிட்டாங்க. உள்ள பூரா தண்ணி நிக்குது."

"முன்னாடி ஆளுங்க உள்ள இறங்குவாங்களா?"

"மூணு ஷிப்டும் இறங்குவோம். எங்கப்பா இறங்கினார், நான் இறங்கினேன். கேஜ்னு ஒரு இரும்புக் கூண்டு, அதுல கீழ போறப்ப வயிறு மட்டும் மேலயே நின்னுடும்."

ஆபீசர் முகம் சுண்டிப்போச்சு. "மனுஷனை அதுக்குள்ள இறக்கறது சட்டப்படி குத்தம், யஜமானரே."

"அப்ப யாரும் சொல்லலையே சார்."

கஸ்தூரி கண்ணாலயே ஏதோ ஜாடை காட்டினா. சபாஷ் மாமா, இன்னும் எடுத்து விடுங்கன்னு சொல்றதா நெனச்சேன்.

"சூடுதான் சார் தாங்காது. பாறையே கொதிக்கும். அதுலயும் ஒரு வசதி. சோத்து டப்பாவை அது மேல வெச்சா..."

"உள்ளயே சாப்டீங்களா?"

"பின்ன, சாப்பாட்டுக்குன்னு தனியா மேல வர முடியுமா?"

அவர் கையில இருந்த பிஸ்கட்டைத் தட்டுலயே வெச்சுட்டார்.

அப்பதான் பக்கத்து வார்டு மெம்பர் தேவசகாயம் எழுந்தான். அவனும் நானும் ஒரே ஷிப்டு, ஒரே கேஜ். நான் எதைச் சொல்றேன்னு அவனுக்குத் தெரியாதா? நல்லா தெரியும். அதனாலதான் எழுந்தான்.

"பெரியவர் சொல்றது அத்தனையும் நிஜம் சார், நானே சாட்சி. அவ்ளோ பெரிய அண்டர்கிரவுண்டை வெச்சுக்கிட்டு அந்தத் தெருவுக்குப் புதுசு எதுக்கு? எங்க வார்டுக்குக் குடுங்க."

ஆபீசர் தலையாட்டினார். எங்க தெரு கோட்டுக்குப் பக்கத்துல பெருக்கல் குறி போட பேனாவைத் தூக்கினார்.

"அய்யோ சார், அவர் சொன்னது சுரங்கம்"னு கஸ்தூரி கத்தினா.

"அதெல்லாம் தெரியாது. இருக்குன்னு சொன்னாரு, எழுதியாச்சு. இல்லைன்னா, தான் சொன்னது பொய்னு அவரே சபை முன்னால சொல்லட்டும்"னான் தேவசகாயம்.

ஆபீசரும் என்னைப் பாத்தார். "ஆமா யஜமானரே. சொன்னவர்தான் வாபஸ் வாங்கணும்."

மக்களே, என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பூதிகோட்டையில கேழ்வரகுக் கதிர் அறுத்தப்ப தங்கத்தூள் கொட்டுச்சுன்னு சொல்லியிருக்கேன். சுரங்கத்துக்குள்ள வழி தப்பி நடந்து, வேலூர்ல ஒரு கிணத்து வழியா வெளிய வந்தேன்னு சொல்லியிருக்கேன். எதையும் பொய்னு இதுவரைக்கும் நான் ஒத்துக்கிட்டதே இல்ல. வாழ்க்கையிலயே மொத தடவையா கலப்படம் இல்லாத நிஜம் பேசினேன். அதைப் போய்ப் பொய்னு சொல்லச் சொல்றாங்க.

ராஜாத்தி மொகம் கண்ணு முன்னால வந்துச்சு.

"பொய்தான் சார்"னேன்.

கொஞ்சம் அதிர்ச்சியாவாங்க, இவரா பொய் சொன்னாருன்னு ஒருத்தராவது கேப்பாங்கன்னு காத்திருந்தேன். ஒருத்தரும் கேக்கல. எல்லாக் கட்சிக்காரங்களும் மேஜையைத் தட்டினாங்க. பெரியவர் சொன்னது பொய்னு தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சு. எலியும் பூனையுமா இருக்கற சபை அது. தேவசகாயம்தான் ரொம்ப சத்தமா தட்டினான், பாவிப்பய.

நீலக்கோடு பொழைச்சுது. நான் வீட்டுக்கு வந்தேன்.

"இன்னாங்க, சாக்கடை இன்னா ஆச்சு?"

"திட்டத்துல ஏறிடுச்சு. குழாயே வருது."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுமா?"

"இருபது வருஷத்துக்குள்ள வந்துடும்."

ராஜாத்தி உள்ள போய் மண்வெட்டியை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தா.

சனிக்கிழமை நான் முட்டி அளவு சேத்துல நின்னு வாரிக்கிட்டிருந்தேன். ஸ்கூட்டர்ல போன தேவசகாயம் வண்டியை நிறுத்தினான். "இன்னாடா, வயசான காலத்துல சர்பேசுக்கு மாத்திட்டாங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனான்.

இந்தக் கதையை யார் சொன்னதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சொன்னாலும் பிரயோஜனம் இல்ல. நான் சொன்னா பொய்னு நகரசபையே கையெழுத்துப் போட்டு பெங்களூருக்கு அனுப்பியாச்சு.